பதினாறுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில்

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருத்தி கூடைப்பந்து அணியில் சேரவென்று வந்து நின்றால், சுன்னாகத்துப் பயிற்றுவிப்பாளர் அவளுடைய கையைப் பார்ப்பதில்லை; காலைத்தான் பார்ப்பார். நெஞ்சு உயரத்துக்கு ஒரு பந்தை எறிவார். பிடித்த கணத்தில் கால்கள் நிலத்தோடு ஒட்டி நின்றுவிட்டால், அவள் வலைப்பந்து ஆடி வந்தவள். பிடித்த வேகத்திலேயே பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு நகர்ந்தால், கூடைப்பந்து தெரிந்தவள். இலங்கையின் வடக்கிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் வகை. பிடிக்கவே தயங்கி, இரு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அவர்களையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாகத் தொடங்கி, பிறகு பல்கலைக்கழக மாணவிகளைப் பயிற்றுவித்து ஓய்வுபெற்றவர் அவர். தன் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பேச்சு முழுக்க மாணவிகளைப் பற்றியும் பந்தைப் பற்றியும்தான்.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் ஓடக் கூடாது. மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். மறிக்க வருகிறவர் 0.9 மீற்றர் தள்ளியே நிற்க வேண்டும். ஏழு பேரும் எழுத்துப் பட்டி அணிந்திருப்பார்கள். அந்த எழுத்துக்கு உரிய பகுதியைத் தாண்டி எவரும் போக முடியாது. ஏழெட்டு வருடம் இப்படி ஆடிப் பழகிய உடம்பிடம் “இனி முழுக் கோட்டும் உன்ரைதான், ஓடு” என்று சொன்னால் அது உடனே ஓடிவிடாது. நடுக்கோட்டுக்கு வந்ததும் தயங்கும். எதிராளி உரசிக்கொண்டு நின்றால் பின்வாங்கும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக எதிராளியை முதுகால் அடக்கி, இடம் பிடித்து நிற்க வேண்டும் என்றால் கூச்சப்படும்.

ஆனால் வலைப்பந்துப் பிள்ளைகள் கொண்டுவரும் சொத்தும் பெரிது என்பார் அவர். பந்தைத் தவறவிட மாட்டார்கள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்புவது அவர்களுக்கு இயல்பாக வரும். இரண்டு ஆட்டத்திலும் வளையம் ஒரே உயரம்தான், 3.05 மீற்றர். வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை. பலகை இல்லாத வளையத்துக்கு எறிந்து பழகிய கை பந்தை நன்றாக மேலே தூக்கி விடும். அப்படி இறங்கும் பந்துக்கு வளையத்தின் முழு வாயும் கிடைக்கிறது. “அவையின்ரை கையை நான் தொடமாட்டன். காலை மட்டும் மாத்துவன்” என்பது அவருடைய முறை.

காலை மாற்றுவதற்குப் பந்தே தேவையில்லை. சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் அடிகளை வரைவார். வலது, இடது, எழும்பு. வளையத்தின் வலப்பக்கமிருந்து ஓடிவந்து பந்தைப் போடும் ‘லே அப்’ அவ்வளவுதான். முதல் கிழமை பந்தில்லாமல் அந்த அடிகளில் நடப்பார்கள், பிறகு ஓடுவார்கள். அதற்குப் பிறகுதான் கையில் பந்து. இடது கையால் தட்டப் பழகுவதற்குக் கோட்டின் எல்லைக் கோட்டைச் சுற்றி நடை. ஓட்டம் கேட்டு வந்தவர்களுக்கு இந்த நடை பொறுமையைச் சோதிக்கும். இடது கை வராத ஆட்டக்காரியை எதிரணி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்து ஒரு பக்கத்துக்குள் அடைத்துவிடும் என்பதை முதல் போட்டியில் அனுபவித்த பிறகு, நடையைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை.

இந்த இரண்டு ஆட்டங்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அவர் ஒவ்வொரு புதிய அணிக்கும் சொல்வார். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றரில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு 1892இல் உடற்கல்வி ஆசிரியையாக வந்தவர் செண்டா பெரென்சன். லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். இளமையில் நோஞ்சானாக இருந்தவர். புதிய ஆட்டத்தைப் பற்றி வாசித்தார், மாணவிகளுக்குப் பழக்கினார். 1893 மார்ச் 22 அன்று முதலாம் வருட மாணவிகளும் இரண்டாம் வருட மாணவிகளும் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. ஆட்டத்தைத் தொடங்க அவர் பந்தை மேலே எறிந்தபோது, எழும்பிய மாணவி ஒருத்தியின் கை அவர் கையில் மோதி, அவளுடைய தோள்மூட்டு விலகிவிட்டது. மூட்டைச் சரிசெய்துவிட்டு, வேறொருத்தியை இறக்கி ஆட்டத்தை நடத்தினார்கள்.

பெரென்சன் ஒரு மாற்றம் செய்தார். பெண்கள் களைத்துப் போவார்கள், முரட்டுத்தனமாக ஆடுவார்கள் என்ற பயத்தில் கோட்டை மூன்று துண்டாக்கி, ஒவ்வொருத்தியும் தன் துண்டுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று விதித்தார். பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. 1893இலேயே இந்த ஆட்டம் கடல் கடந்து லண்டனில் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்ரர்பேர்க்கின் பெண்கள் உடற்கல்விக் கல்லூரிக்குப் போனது. அங்கே புல்தரைக்கு ஏற்ப மாறி வலைப்பந்தாகி, பிரித்தானியப் பேரரசின் பாடசாலைகள் வழியே இலங்கைக்கும் வந்தது. 1960இல் வலைப்பந்தின் சர்வதேச சம்மேளனத்தை அமைக்கப் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியது இலங்கையில். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஆடிய பதினொரு அணிகளில் இலங்கையும் ஒன்று.

அமெரிக்காவிலோ பெண்களின் கூடைப்பந்து தன் எல்லைக்கோடுகளை மெல்ல மெல்லத்தான் அழித்தது. கல்லூரிப் பெண்கள் ஆண்களைப் போலவே ஐந்து பேராக முழுக் கோட்டிலும் ஓட அனுமதி கிடைத்தது 1971இல். ஐயோவா மாநிலத்தின் பாடசாலைகளில் பெண்கள் பாதிக் கோட்டு ஆட்டத்தை 1993 வரை ஆடினார்கள். பயிற்றுவிப்பாளர் இந்த ஆண்டுகளைச் சொல்லும்போது குரல் உயரும். பெண்ணுடம்பால் முடியாது என்று யாரோ ஒரு நாள் நினைத்ததைச் சுண்ணாம்பால் தரையில் கோடாகப் போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் நூறு வருடம் நிற்க வைத்தார்கள். நடுக்கோட்டில் ஒரு மாணவி தயங்கி நிற்கும்போது அவளுடைய காலில் இருப்பது அவளுடைய தயக்கம் மட்டுமல்ல என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

சுன்னாகத்துக்காரருக்கு இந்த அமெரிக்கத் தொடர்பு தூரத்து விஷயமல்ல. காங்கேசன்துறை வீதிக்கு அருகே உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்குக் கதவு திறந்தது 1875இல். பெண்களை வீட்டுக்கு வெளியே தங்கவைத்துப் படிப்பித்த விடயத்தில் உடுவில் அரை நூற்றாண்டு முந்தியது. நியூயோர்க்கிலிருந்து வந்த எலைசா அக்னியூ 1840 முதல் 1879 வரை அங்கே பணிசெய்தார். மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காகக் கல்லூரி அமைத்தார். இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் சில நிமிட தூரம். வீட்டுப் படலையைத் தாண்டிப் பெண் படிக்கப் போவதற்கான சண்டையை இந்த மண் எப்போதோ நடத்தி முடித்துவிட்டது. விளையாடப் போவதற்கான சண்டைதான் மிச்சம் இருந்தது.

நம் பக்கத்தில் கூடைப்பந்து ஆண்களிடம்தான் முதலில் வேரூன்றியது. நெய்ஸ்மித்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தென்னிந்தியாவெங்கும் இந்த ஆட்டம் பரவ அந்தக் கல்லூரி பெரிய காரணம். தமிழ்நாட்டில் அதன் பலன் பெண்கள் ஆட்டத்திலும் தெரிகிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்கு ஆடினார். குழந்தை பிறந்த பிறகும் கோட்டுக்குத் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் மெல்பேர்ணில் ரிங்வூட் ஹோக்ஸ் கழகத்துக்கு ஆடி, 2011இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுப் பயிற்சி வரை போனார். இந்த இருவரின் பெயரும் அவருடைய மாணவிகளுக்கு மனப்பாடம்.

யாழ்ப்பாணத்தில் ஏன் அப்படி நடக்கவில்லை என்று கேட்டால், அவர் ஒரு சொல்லில் பதில் சொல்வார்: சீமெந்து.

வலைப்பந்துக்கு இரண்டு கம்பமும் கொஞ்சம் மட்டமான தரையும் போதும். கூடைப்பந்துக்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட வெடிப்பில்லாத தளம் வேண்டும். பந்து எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும். 1990களில் போரின்போது குடாநாட்டுக்குச் சீமெந்து வருவது தடுக்கப்பட்டிருந்தது. வீடு கட்ட இல்லாத சீமெந்து கோட்டுக்கு எங்கிருந்து வரும்? மின்நிலையம் இருந்த சுன்னாகத்திலேயே மாலையானால் மண்ணெண்ணெய் விளக்கு. வெளிச்சத்தில் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஏப்ரலில் திரும்பி வந்தபோது, பல பாடசாலைகளில் கம்பம் நின்ற இடத்தில் கம்பம் இல்லை. வளையத்தை இரும்புக் கடையில் வளைத்துப் பற்றவைத்து, பலகைக்குப் பதிலாகக் கிடைத்த தகட்டைப் பொருத்தி, பெண்பிள்ளைகளுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுத்த ஆசிரியைகளில் அவரும் ஒருவர். அப்போது ஆடிய பலர் ஒரு போட்டியில்கூட ஆடாமல் பாடசாலையை விட்டுப் போனார்கள். அவர்களில் சிலரின் மகள்மார் பின்னாளில் அவரிடமே வந்தார்கள்.

இந்தத் தொழிலில் அவர் கண்ட பெரிய சிக்கல் போரோ சீமெந்தோ அல்ல. போர் முடிந்து, தளங்கள் வந்த பிறகும் நீடிப்பது. பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை. அதுவரை பிள்ளை விளையாடுவாள். மாகாணப் போட்டிக்கும் போவாள். உயர்தரத்துக்கு வந்ததும் பின்னேரம் நான்கு மணி தனியார் கல்வி நிலையத்துக்குப் போய்விடும். சனி ஞாயிறும் அங்கேதான். பரீட்சை முடிந்தால் பெறுபேற்றுக்குக் காத்திருப்பு, வெட்டுப்புள்ளிக்குக் காத்திருப்பு, அனுமதிக்குக் காத்திருப்பு. நாட்டுக்கு வந்த நெருக்கடிகள் இதை இன்னும் நீட்டின: 2021இன் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது, 2022இன் பரீட்சை 2023 தொடக்கத்தில் நடந்து, அந்த ஆண்டு செப்ரெம்பரில்தான் பெறுபேறு வந்தது. ஆக, பல்கலைக்கழகக் கோட்டில் கால் வைக்கும்போது அவளுக்கு இருபத்தொன்று. உடம்பு வலுப்பெற்று ஆட்டம் முற்ற வேண்டிய ஐந்து வருடம் பந்தைத் தொடாமலே போய்விட்டது. அமெரிக்கக் கல்லூரியில் இருபத்தொரு வயதுக்காரி நான்காவது பருவத்தை ஆடிக்கொண்டிருப்பாள். இங்கே அவள் சோக்கட்டிக் கோட்டில் நடந்துகொண்டிருக்கிறாள்.

பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுச் சாதனையாளருக்கெனச் சில இடங்களை மானியங்கள் ஆணைக்குழு ஒதுக்குகிறது. அது சிகரத்தைத் தொட்ட ஒருசிலருக்கு. பாடசாலை அணியில் நல்ல ஆட்டக்காரியாக இருந்து நின்றுபோன நூற்றுக்கணக்கானோருக்கு அந்தக் கதவு இல்லை. அவர்களை வைத்துத்தான் அணி கட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அடுத்த தடை வீடு. வெளியூர்ப் பிள்ளை விடுதியில் இருப்பாள், பிரச்சினை குறைவு. தினமும் பஸ்ஸில் வந்துபோகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பயிற்சி ஆறு மணிக்கு முடிந்தால், இருளுக்கு முன் படலை தாண்ட முடியாது. அதனால் அவர் காலைப் பயிற்சிக்கு மாறினார். ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன், விரிவுரைக்குமுன் முடியும். அதற்கும் வீடுகளுக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார்கள். பிறகு தாய்மார் மெதுவாகத் தொடங்குவார்கள்.

“ரீச்சர், வெயிலுக்கை நிண்டு பிள்ளை கறுத்துப் போவாள்.”

“அம்மா, நான் முப்பது வருசம் வெயிலுக்கை நிண்டனான். எனக்கு என்ன குறை?”

“அதில்லை ரீச்சர். இவள் இப்பவே தகப்பனை விட உயரம். பந்து விளையாடி இன்னும் வளர்ந்தால் மாப்பிள்ளை எங்கை தேடுறது?”

விளையாடுவதால் எலும்பு நீளாது, இருபது வயதுக்குமேல் பெண்ணுக்கு வளர்த்தி பெரும்பாலும் முடிந்துவிடும் என்று விளக்குவார். அது எடுபடாத வீடுகளும் இருந்தன. 2009க்குப் பிறகு விளக்கம் குறைந்தது. ஈவினையின் பெயரைச் சொன்னால் போதும் என்றாயிற்று.

சுன்னாகத்துக்குக் கிழக்கே சில கிலோமீற்றரில் புன்னாலைக்கட்டுவன், அதற்குள் ஈவினை. அந்தக் கிராமத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீற்றர். வலைப்பந்து உலகிலேயே மிக உயரமான வீராங்கனை என்று அறியப்பட்டவர். உயரத்துக்காகச் சிறுவயதில் பட்ட கேலியைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் படித்தது மட்டக்களப்பில், வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமான அந்த நிறுவனம், போரின் நடுவிலே நடந்தது. போர்க்காலத்து வடக்கில் பிறந்த உயரமான ஒரு பெண், கிழக்கின் பல்கலைக்கழகம் வழியாக, இலங்கையின் தேசிய அணிக்குப் போய்ச் சேர்ந்தார். 2009இல் மலேசியாவின் மலாக்காவில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2018 செப்ரெம்பரில் சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணில் 69க்கு 50 என்று வீழ்த்தி மறுபடியும் வென்றது. அந்த அணியில் யாழ்ப்பாணத்திலிருந்து எழிலேந்தினி சேதுகாவலரும் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் தர்ஜினி போட்ட கோல்கள் 348. முழுத் தொடரிலும் அதைவிட அதிகம் போட்டவர் எவரும் இல்லை. 2022 செப்ரெம்பர் 11 அன்று, நாடு எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த வருடத்தில், சிங்கப்பூரில் மீண்டும் 63க்கு 53. இலங்கை ஆண்கள் துடுப்பாட்டத்தில் ஆசியக் கிண்ணம் வென்றதும் அதே நாளில். ஊரில் அன்றிரவு வெடித்த வெடிகளில் பாதியாவது பெண்களுக்கு உரியது என்று பயிற்றுவிப்பாளர் இன்றும் சொல்வார்.

தர்ஜினியின் ஆட்டத்தைப் பயிற்றுவிப்பாளர் பார்க்கும் விதம் மற்றவர்களைப் போல் இல்லை. எல்லோரும் வளையத்தடியில் நிற்பவரைப் பார்ப்பார்கள். அவர் பந்து புறப்படும் கையைப் பார்ப்பார். உயர்ந்து நிற்பவருக்குப் போகும் பந்து எதிராளியின் நீட்டிய விரல்களுக்கு மேலே, ஆனால் தர்ஜினி பாய வேண்டிய அவசியம் இல்லாத உயரத்தில், அவர் திரும்பும் தோளின் பக்கமாக வந்து இறங்க வேண்டும். அரை அடி தாழ்ந்தால் பறிபோகும். அரை அடி உயர்ந்தால் எல்லைக்கு வெளியே. அந்தப் பந்தை ஓடிக்கொண்டே, மூன்று விநாடிக்குள், முகத்துக்கு நேரே கை நிற்க எறிகிறவர்கள் இல்லாமல் 348 கோல் இல்லை. பாடசாலையில் உயரமான பிள்ளையைக் கண்டால் ஆசிரியர்கள் அவளுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள். அவர் அவளோடு இரண்டு குள்ளப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூப்பிடுவார். உயர எறியப் பழக்குவது அவர்களைத்தான். கூடைப்பந்திலும் இதே பாடம்: வளையத்தடியில் நிற்கும் உயரமானவளுக்குப் பந்து போய்ச் சேராவிட்டால், அவள் நாற்பது நிமிடமும் வெறுங்கையோடு ஓடித் திரும்புவாள்.

தர்ஜினி கூடைப்பந்துக்கு வந்திருந்தால் என்ற எண்ணம் பயிற்றுவிப்பாளரை விட்டுப் போனதில்லை. போலந்தின் மார்கோ டிடெக் 2.18 மீற்றர் உயரம். 1998இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். ஆனால் ஈவினையின் பிள்ளைக்குச் சிறுவயதில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது வலைப்பந்துக் கம்பம்தான். கைக்கெட்டிய ஆட்டத்தில் உலகின் உச்சிக்குப் போனார். அதில் குறைசொல்ல எதுவும் இல்லை என்பதையும் அவர் உடனே சேர்த்துச் சொல்வார்.

பல்கலைக்கழக அணி என்பது ஒவ்வொரு வருடமும் கலைந்துபோகும் அணி. இறுதியாண்டு மாணவிகள் பட்டத்தோடு போவார்கள். அவர்களோடு ஆட்டத்தின் பாதியும் போகும். இதைப் பற்றிப் பேசும்போது அவர் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சொல்வார். 1896 ஏப்ரல் 4 அன்று அந்தப் பெண்கள் அணி சான் பிரான்சிஸ்கோவில் பேர்க்லி அணியைச் சந்தித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் மோதிய முதல் கூடைப்பந்துப் போட்டி அது. எழுநூறு பெண்கள் பார்த்தார்கள். முடிவு 2க்கு 1, ஸ்ரான்ஃபோர்டுக்கு வெற்றி. மூன்றே வருடத்தில், 1899இல், பெண்கள் வெளிக் கல்லூரிகளோடு ஆடுவதற்கு அந்தப் பல்கலைக்கழகம் தடைபோட்டது. மறுபடி அணி எழும்பியது 1970களில். 1985இல் அங்கே பயிற்றுவிப்பாளராக வந்த தாரா வான்டர்வீர் 1990, 1992, 2021 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்று, 2024இல் ஓய்வுபெற்றார். பணமும் மண்டபமும் உள்ள இடத்திலேயே எழுபத்தைந்து வருட வெறுமை விழுந்தது என்றால், இங்கே ஐந்து வருட இடைவெளியை மூட முடியும் என்ற துணிவு அவருக்கு அந்தக் கதையிலிருந்து வந்தது.

இமாக்குலாட்டா கல்லூரியின் கதை அவருக்கு இன்னும் பிடிக்கும். பென்சில்வேனியாவின் சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. உள்ளரங்கம் எரிந்துபோனதால் சொந்தமாகப் பயிற்சி இடம் இல்லை. 1972இல் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசியச் சுற்றுப்போட்டி இலினோய் மாநிலத்தில் நடந்தபோது, விமானச் செலவுக்காக மாணவிகள் பற்தூரிகைகளை விற்றார்கள். சேர்ந்த பணம் எட்டுப் பேர் போகத்தான் காணும். எட்டுப் பேரோடு போய், பட்டத்தை வென்று வந்தார்கள். அடுத்த இரண்டு வருடமும் அவர்களே. அதேபோல் ரெனசிப் பல்கலைக்கழகத்தின் பாட் சமிற் 1974இல் இருபத்திரண்டு வயதில் பயிற்றுவிப்பாளரானபோது சம்பளம் மாதம் 250 டொலர். வண்டியை ஓட்டியதும் அவர், உடுப்பைத் தோய்த்ததும் அவர். 38 பருவங்களின் முடிவில் 1,098 வெற்றிகள், எட்டுத் தேசியப் பட்டங்கள். ஊரில் அணி உடுப்பைத் தன் வீட்டுக் கிணற்றடியில் தோய்த்துக் கொடியில் போட்ட ஓர் ஆசிரியைக்கு, அந்தச் செய்தி எவ்வளவு பலம் தந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவருடைய பொக்கிஷம் ஒரு கொப்பி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: எந்தப் பாடசாலை, எந்த ஆட்டம், எந்தக் கால் ஊன்றுவாள், இடது கை எப்படி, வீட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தகப்பன் சம்மதித்தாரா தாய் சம்மதித்தாரா. பயிற்சிக்கு முன் இரண்டாம் வருட மாணவி ஒருத்தியோடு புதியவள் ஒருத்தியைச் சோடியாக்குவார். மூத்தவள் வளையத்தடியில் நின்று கற்றதை இளையவளுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். பயிற்றுவிப்பாளர் சொன்னதைவிடச் சோடி சொன்னது காலில் விரைவாக இறங்கும் என்பது அவருடைய அனுபவம். போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்தும் மாணவிகள் வரத் தொடங்கினார்கள். கண்டியிலும் காலியிலும் கூடைப்பந்து ஆடி வந்த சிங்களப் பிள்ளைகளுக்கு முழுக் கோட்டு ஓட்டம் ஏற்கெனவே தெரியும். வடக்குப் பிள்ளைகளுக்குக் குறி தெரியும். சோடிகளை அவர் அப்படியே கட்டினார். கோட்டில் பாதி தமிழ், பாதி சிங்களம், இடையில் ஆங்கிலம் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கோட்டுக்கு வெளியே தரையில் வரைந்து காட்டினார்கள். அந்த அணிகளிலிருந்து போனவர்கள் இன்னும் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் வருகிறார்கள்.

பந்தைப் பற்றி அவருக்குத் தீராத மனக்குறை ஒன்று. பெண்களுக்கு உரியது ஆறாம் இலக்கப் பந்து. சுற்றளவு சுமார் 28.5 அங்குலம். ஆண்களுடைய ஏழாம் இலக்கத்தைவிட ஓர் அங்குலம் குறைவு, பாரமும் குறைவு. அமெரிக்கக் கல்லூரிகள் 1984இலேயே அதற்கு மாறிவிட்டன. ஆனால் அவர் பணிசெய்த இடமொன்றில் ஆண்களுக்கு வாங்கிய பந்துகள் தேய்ந்து வழுக்கையான பிறகுதான் பெண்களிடம் வந்தன. பெரிய பந்தைச் சின்னக் கையால் எறியும் பிள்ளை தோளிலிருந்து தள்ளப் பழகிவிடுவாள். மணிக்கட்டு வேலை செய்யாது. பிறகு சரியான பந்து கிடைத்தாலும் அந்தத் தள்ளல் போகாது. மணிக்கட்டைத் திருத்தப் பிடிக்கும் காலத்தில் புதிதாக ஒருத்தியையே உருவாக்கிவிடலாம் என்பார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் எடுத்திருக்கும் வேலை, அந்த ஐந்து வருடத்தின் கடைசிப் பகுதியில் கைவைப்பது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் கூட்டுகிறார். பழைய மாணவிகள் சேர்த்துத் தந்த பணத்தில் ஆறாம் இலக்கப் பந்துகள் வாங்கியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோருக்கும் பல்கலைக்கழகம் கிடைக்காது. சிலர் கல்வியியற் கல்லூரிக்குப் போவார்கள், சிலர் வங்கி வேலைக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. அதைப் பற்றி அவர் கேட்பதில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போகிற பிள்ளை நாளைக்கு ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாவாள், அங்கே பதினாறு வயதுக்காரிகள் இருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. காலை ஆறு மணிக்கு வர வேண்டும். சப்பாத்து இல்லாவிட்டால் கொப்பியில் கால் அளவை எழுதிவிட்டுப் போகலாம். வலைப்பந்து ஆடியவர், கூடைப்பந்து ஆடியவர், ஒன்றும் ஆடாதவர் எவரும் வரலாம் என்று சுன்னாகத்துக் கடைகளில் கையால் எழுதிய அறிவித்தலைக் கேட்டு ஒட்டியிருக்கிறார்.